ஓடுகிற பிள்ளையின் வீட்டுக்கு யார் சம்பளம் தருவது?

“கஷ்டப்படுற வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான் சார் அந்த வெறி வரும். நம்ம பிள்ளைங்களுக்கு எல்லாம் கிடைச்சிடுது, அப்புறம் எங்கேயிருந்து ஓடுவாங்க?”

மாவட்டத் தடகளப் போட்டி ஒன்றில், கேலரியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தகப்பனார் சொன்னது இது. அவருடைய மகன் 200 மீட்டர் ஹீட்ஸிலேயே, அதாவது முதல் சுற்றிலேயே, வெளியேறிவிட்டான். அதே ஹீட்ஸில் முதலில் வந்தவன் ஒரு அரசுப் பள்ளிப் பையன், வெறுங்காலோடு ஓடியவன். அந்த மனிதர் பொறாமையில் பேசவில்லை. அந்தப் பையன் முடித்துவிட்டு வந்தபோது எழுந்து நின்று கைதட்டினார், கூப்பிட்டுத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். நல்ல மனிதர். ஆனாலும் அவர் சொன்னது அன்றிலிருந்து என்னை விடவே இல்லை. பாராட்டாகச் சொன்ன வார்த்தைதான், அதில் என்ன தப்பு என்று எனக்கு நானே பலமுறை கேட்டுக்கொண்டேன். கஷ்டம்தான் ஓட வைக்கிறது என்றால், அந்தக் கஷ்டத்தைக் குறைக்க யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. அதுதான் உறுத்துகிறது என்று கொஞ்ச நாள் நினைத்தேன். அது பாதிதான். மீதிப் பாதி புரிவதற்கு ஒரு அம்மா பேசியதைக் கேட்க வேண்டியிருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் இதை யோசித்துப் பாருங்கள். பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி என்று எங்கே போனாலும் ஓட்டத்திலும் கபடியிலும் முன்னால் நிற்பது கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான். இதை வைத்துத்தான் ‘வறுமை வெறியைக் கொடுக்கிறது’ என்ற முடிவுக்கு வருகிறோம். அதே ஊரில் நீச்சல் குளத்துக்கும் டென்னிஸ் கோர்ட்டுக்கும் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கும் போய்ப் பாருங்கள். அங்கே அந்த வெறிபிடித்த ஏழைப் பிள்ளைகள் எங்கே? ஓட்டத்துக்குக் கால் போதும், கபடிக்கு ஒரு மைதானமும் ஆட்களும் போதும். அதனால் அங்கே வருகிறார்கள். இறகுப் பந்துக்கு ராக்கெட் வாங்கிவிட்டால் முடிந்துவிடாது. ஒழுங்காகப் பயிற்சி செய்கிற பிள்ளைக்கு இறகு ஷட்டில் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு டப்பா ஆயிரம் ரூபாயைத் தாண்டும். கம்பை ஊன்றித் தாண்டும் போல்வால்ட்டில் நல்ல கம்பு ஒன்றின் விலை லட்சத்தைத் தொடும். பிள்ளை வளர வளர, எடை கூடக் கூட, தாண்டும் உயரம் ஏற ஏற வேறு கம்பு வேண்டும். ஒரு பிள்ளை எந்த விளையாட்டைத் ‘தேர்ந்தெடுத்தது’ என்று நாம் சொல்கிறோமே, அந்தத் தேர்வைப் பெரும்பாலும் வீட்டு வருமானம் முன்பே செய்துவிடுகிறது.

இதை மீறி வந்தவர்கள் உண்டு. வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த பவானி தேவி வாள்வீச்சில் ஒலிம்பிக் வரை போனார், டோக்கியோவில். அந்த விளையாட்டில் ஒலிம்பிக்குக்குப் போன முதல் இந்தியர் அவர். பள்ளியில் மற்ற விளையாட்டுகளுக்கு இடம் நிரம்பிவிட்டதால்தான் வாள்வீச்சில் சேர்ந்தார். வாள் வாங்கிக் கட்டுப்படியாகாது என்று மூங்கில் குச்சியை வைத்துப் பழகினார்கள், போட்டிக்கு மட்டும் உண்மையான வாள். வெளியூர், வெளிநாட்டுப் போட்டிகளுக்கு அனுப்ப அவருடைய அம்மா நகையை அடகு வைத்தார். இந்தக் கதையை நாம் எத்தனை முறை சொல்லி நெகிழ்ந்திருப்போம். எனக்கு இப்போதெல்லாம் அதில் கண்ணில் படுவது ஒன்றுதான்: அடகு வைக்க நகை இருந்தது. குண்டுமணித் தங்கமும் இல்லாத வீட்டில், அதே திறமையோடு ஒரு பெண் அதே மூங்கில் குச்சியைப் பிடித்திருந்தால் அவள் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது.

நிறுத்தக்கூடிய சம்பளம்

குடும்ப வசதி என்றால் ஷூ, கோச்சிங் ஃபீஸ், புரோட்டீன் பவுடர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அவை எல்லாம் சின்னச் செலவு. பெரிய வசதி வேறு.

குகேஷை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று, 18 வயதில் சதுரங்கத்தில் உலகச் சாம்பியன் ஆனார். அப்பா காது மூக்கு தொண்டை அறுவைச் சிகிச்சை மருத்துவர், அம்மா நுண்ணுயிரியல் துறையில் இருப்பவர். மகன் ஊர் ஊராகப் போட்டிக்குப் போக வேண்டிய வயதில் அப்பா மருத்துவத் தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டுக் கூடவே போனார், அம்மாவின் சம்பளத்தில் வீடு நடந்தது. அவர்களும் சிரமப்பட்டார்கள், பெற்றோரின் நண்பர்கள் பண உதவி செய்ய வேண்டிய நிலையும் வந்தது. அந்தத் தியாகத்தை நான் துளியும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அப்படித் தியாகம் செய்வதற்கே வீட்டில் இரண்டு சம்பளம் வேண்டும். ஒன்றை நிறுத்தினால் மற்றொன்று அடுப்பை எரிய வைக்க வேண்டும். பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் வளர்ந்த வீட்டில் அப்பாவுக்குக் கூட்டுறவு வங்கி வேலை. போலியோ பாதிப்பு உள்ளவர் அவர். அம்மா நாகலட்சுமி பிள்ளைகளோடு நாடு நாடாகப் போய், அங்கேயே சோறும் ரசமும் வைத்துக் கொடுத்தார். அது பணக்கார வீடு அல்ல. ஆனால் மாதாமாதம் தேதி தவறாமல் வரும் சம்பளம் ஒன்று இருந்தது. அம்மா வேலைக்குப் போகாமல் பிள்ளைகளோடு போனாலும் அந்த வீடு நின்றது.

பெற்றோரில் ஒருவர் வருமானத்தை விட்டுவிட்டுப் பிள்ளைக்குப் பின்னால் போக முடிகிற வீடு, போக முடியாத வீடு என்று இரண்டு வகை உண்டு. கோச் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த வித்தியாசத்தை அழித்துவிட முடியாது.

என் வீடும் முதல் வகைதான். அப்பா அரசு ஊழியர். நான் 400 மீட்டர் ஓடினேன். மாநில அளவில் இறுதிச்சுற்றுக்கு வருவேன், பதக்கம் வாங்க மாட்டேன். அந்த டைமிங்கோடு பிளஸ் டூ முடித்து, கல்லூரி மூன்று வருடமும், மேற்படிப்பு இரண்டு வருடமும் ஓடினேன். பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தது, ஊர்கள் பார்த்தேன், நண்பர்கள் கிடைத்தார்கள், இன்றைக்கு இருக்கும் வேலைக்கும் அந்தச் சான்றிதழ் கைகொடுத்தது. அத்தனை வருடத்தில் ஒருநாள்கூட, “இது எதுக்கு?” என்று வீட்டில் யாரும் என்னைக் கேட்டதில்லை. ஒன்றாம் தேதி அப்பாவின் சம்பளம் வந்துவிடும், அதில் என்னுடைய முட்டையும் பாலும் அடங்கிவிடும். அவ்வளவுதான். அதற்குப் பெயர் வசதி என்று எனக்கு அன்று தெரியாது.

அந்த அம்மா போட்ட கணக்கு

இப்போது வேலை நேரம் போக, காலையில் திருச்சி அண்ணா விளையாட்டரங்கில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறேன். கோச் பழைய நண்பர். அங்கே ஒரு பெண் வருவாள், 800 மீட்டர். பதினேழு வயதில் 2 நிமிடம் 15 வினாடிக்குள் வந்துவிட்டாள். அந்த வயதில், அந்தச் சாப்பாட்டில், அது எவ்வளவு நல்ல டைமிங் என்று ஓடியவர்களுக்குத் தெரியும். கடைசி 200 மீட்டரில் தோள் ஏறாமல், கை சிதறாமல் வருவாள். அது சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

அவள் ஊருக்கு டவுன் பஸ் உண்டு, பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2021-இல் அந்தத் திட்டம் வந்ததும் பயிற்சிக்கு வரும் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை எங்கள் கண்முன்னாலேயே கூடியது. ஆனால் பயிற்சி காலை ஐந்தரைக்கு. முதல் டவுன் பஸ் அதற்குப் பிறகுதான். அதற்கு முன்னால் மெயின் ரோட்டில் வருவது வெளியூர் பஸ், அதில் டிக்கெட் எடுக்க வேண்டும். அந்தப் பணத்தை கோச் தன் பாக்கெட்டிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஸ்பைக்ஸ், அதாவது அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி, ஒரு சீனியர் கொடுத்தது. வீட்டில் அப்பா பெயிண்டர், சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டதிலிருந்து வேலைக்குப் போவதில்லை. அம்மா நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை. தம்பி ஒன்பதாம் வகுப்பு.

பிளஸ் டூ முடிந்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரியில் இடம் வாங்கிவிட்டார் கோச். கட்டணம் கிடையாது, ஹாஸ்டல் இலவசம், மெஸ் இலவசம். இதைவிட என்ன வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் சந்தோஷம். ஆனால் அவள் இரண்டு வாரமாகப் பயிற்சிக்கு வரவில்லை. பிறகு ஒருநாள் அம்மாவோடு வந்தாள். வெயில் ஏறிவிட்ட நேரம், கேலரி நிழலில் உட்கார்ந்து பேசினோம். திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சொல்லிவைத்திருக்கிறோம், ஒன்றாம் தேதியிலிருந்து போகிறாள் என்றார் அந்த அம்மா. கோச் பொறுமையாக எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். மூன்று வருடம் போதும், பல்கலைக்கழக மெடல் ஒன்று வாங்கினால் ரயில்வேயில் வாய்ப்பு இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது என்றெல்லாம். அந்த அம்மா குறுக்கே பேசாமல் முழுதாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்:

“ஃபீஸு இல்லேன்னு சொல்றீங்க, சரிங்க சார். சோறும் அவங்களே போடுறாங்க, அதுவும் சரி. எம்புள்ளைக்கு ஒரு செலவும் இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா அவ கடைக்குப் போனா மாசம் பத்தாயிரம் வீட்டுக்கு வரும். காலேஜுக்குப் போனா அது வராது. அந்தப் பத்தாயிரத்த யாருங்க சார் தருவா?”

கோச்சிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அந்த அம்மா கோபமாகக் கேட்கவில்லை. நாங்கள் கணக்கில் விட்டுவிட்ட ஒரு வரியை எழுதிக் காட்டினார், அவ்வளவுதான். நாங்கள் எல்லோரும் செலவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஷூ, பஸ், ஃபீஸ், சாப்பாடு. செலவைப் பூஜ்ஜியமாக்கிவிட்டால் தடை நீங்கிவிடும் என்று நினைத்தோம். அந்த வீட்டில் பதினெட்டு வயதுப் பிள்ளை என்பது ஒரு வருமானம். அந்தப் பிள்ளை ஓடுகிற ஒவ்வொரு மாதமும் அந்த வீடு ஒரு சம்பளத்தை இழக்கிறது. என் அப்பா எனக்காக இழந்தது ஒன்றுமில்லை, ஏனென்றால் என் சம்பளத்தை நம்பி அந்த வீடு இல்லை. அவள் அம்மாவோ மூன்று வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல் விட்டுக்கொடுக்க வேண்டும், அதுவும் வராமலே போகக்கூடிய ஒரு மெடலை நம்பி. முதுகொடிந்த கணவனையும் ஒன்பதாம் வகுப்பு மகனையும் வைத்துக்கொண்டு அந்தச் சூதாட்டத்தை ஆடாத ஒரு தாயைப் பார்த்து, “பிள்ளையோட திறமையைப் புரிஞ்சுக்கல” என்று சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

அந்தப் பெண் அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒன்றாம் தேதி வேலையில் சேர்ந்தாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். பண்டிகை நேரத்தில் கடையில் பார்த்தேன், “நல்லா இருக்கீங்களா சார்?” என்றாள். தம்பி பாலிடெக்னிக் சேர்ந்துவிட்டான் என்று பெருமையாகச் சொன்னாள். அந்தப் பெருமை நியாயமானது.

சாதனைக் கதைகளில் நாம் பார்க்காமல் விடும் ஆள்

அதற்குப் பிறகு பழைய சாதனைக் கதைகளை வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன். மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணி. சின்ன வயதிலேயே அப்பா அம்மா இருவரும் இறந்துவிட்டார்கள், கூலி வேலை பார்த்த பாட்டி ஆரம்மாள் வளர்த்தார். வெறுங்காலோடு ஓடியவர் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் கலப்புத் தொடர் ஓட்டம் வரை போனார். இந்தக் கதையில் எல்லோரும் வெறுங்காலைப் பார்த்தார்கள். நான் இப்போது பார்ப்பது வேறு இரண்டு பேரை. பேத்திகளை வேலைக்கு அனுப்பு என்று அக்கம்பக்கத்தார் சொன்னபோது, இல்லை, படிக்கட்டும் ஓடட்டும் என்று சொன்ன பாட்டி ஒருவர். அந்த வயதிலும் தான் உழைத்து, வரவேண்டிய இரண்டு கூலியை விட்டுக்கொடுத்தவர் அவர். இன்னொருவர் பயிற்சியாளர் கண்ணன். மைதானத்துக்கு வர பஸ் காசில்லை என்றபோது அதற்கு வழி செய்து, பாட்டியைச் சம்மதிக்க வைத்து, லேடி டோக் கல்லூரியில் இடமும் ஹாஸ்டலும் கிடைக்க ஏற்பாடு செய்தவர். ரேவதியின் உழைப்பும் திறமையும் அவருடையவை. ஆனால் ‘வறுமையை வென்றார்’ என்று எழுதும்போது அந்த வறுமையின் பில்லைக் கட்டிய இரண்டு பேர் காணாமல் போகிறார்கள்.

கோவை வித்யா ராம்ராஜ் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 வினாடியில் ஓடி, 1984-இல் பி.டி. உஷா வைத்த தேசிய சாதனையைச் சமன் செய்தார். அப்பா வண்டி ஓட்டுநர். இரட்டையர்களான வித்யாவும் நித்யாவும் ஈரோடு விளையாட்டு விடுதியில் தங்கித்தான் வளர்ந்தார்கள். அங்கே குடும்பம் செய்ய முடியாததை விடுதி செய்தது. சின்ன வயதிலேயே விடுதி கிடைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் பதினைந்து பதினாறு வயதில்தான் பல பிள்ளைகளின் திறமை வெளியே தெரிகிறது. அது வீடு அவர்களைச் சம்பாதிக்கச் சொல்லும் வயது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது பொய். மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் பிள்ளைக்குக் கைச்செலவுக்கென்று மட்டும் மாதம் 10,000 ரூபாய். அந்த அம்மா கேட்ட அதே தொகை! ஆனால் அது தேசிய அளவில் தெரிய வந்த பிறகுதான் வரும். மாநிலப் போட்டியில் நான்காவதாக வந்த பெண்ணுக்கு வராது. குகேஷுக்குத் தமிழக அரசு 5 கோடி கொடுத்தது. சென்னையின் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்றதும் 1 கோடி கொடுத்தது. எல்லாம் சந்தோஷம். ஆனால் காசிமா விஷயத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கோடி இல்லை. போட்டிக்குப் போகும் முன்னாலேயே பயணச் செலவுக்குத் தமிழக அரசின் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை உதவியதே, அதுதான். அந்தப் பணம் போகும் முன் வரவில்லை என்றால் திரும்பி வந்து வாங்க ஒரு கோடி இருந்திருக்காது. ஜெயித்த பிறகு வரும் ஒரு கோடியை நூறு வீடுகளுக்குப் பிரித்தால், வீட்டுக்கு மாதம் பத்தாயிரம் என்று பத்து மாதத்துக்கு வரும். கோடியை நிறுத்து என்று சொல்லவில்லை. அதன் பக்கத்தில் இந்தக் கணக்கையும் யாராவது போட்டுப் பார்க்க வேண்டும்.

வசதியான வீடுகள் ஒதுக்கீட்டை எப்படிப் பயன்படுத்துகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. எந்த விளையாட்டில் போட்டி குறைவு, எந்தச் சான்றிதழுக்கு எத்தனை மதிப்பெண், எந்த ஊரில் எப்போது நேஷனல்ஸ் என்று ஏழாம் வகுப்பிலேயே விசாரித்து வைத்திருக்கும் பெற்றோரை எனக்குத் தெரியும். அவர்கள் எந்த விதியையும் மீறவில்லை. ஆனால் அந்தத் தகவலும் ஒரு சொத்துதான். களையெடுக்கப் போகும் அம்மாவுக்கு அதை யார் சொல்வார்கள்? பள்ளியில் பி.டி. சார் இருந்தால் அவர் சொல்வார். பல பள்ளிகளில் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

இதையெல்லாம் பழைய ஓட்டக்கார நண்பர்களிடம் பேசினேன். ஷூ வாங்கித் தருவதை விட்டுவிட்டு, மாவட்ட அளவில் நன்றாக ஓடும், வேலைக்குப் போக வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கு மாதாமாதம் ஒரு தொகை அனுப்பலாம் என்றேன். அம்மாவின் வங்கிக் கணக்குக்கே, எதற்குச் செலவு செய்தாய் என்று கேட்காமல். சிலர் உடனே சரி என்றார்கள், ஒரு வீட்டுக்குப் பணம் போக ஆரம்பித்தும் விட்டது. ஆனால் ஒரு நண்பர் கேட்டார்: “பணத்தை வாங்கிக்கிட்டு ஒரு வருஷத்துல ஓட்டத்தை விட்டுட்டா? மெடலே வரலன்னா?”

விட்டால் விடட்டும் என்றேன். எங்கள் தெருவிலேயே ஒரு பையன் இரண்டு வருடம் நீச்சல் போனான், பிறகு டென்னிஸ், இப்போது கீபோர்டு வகுப்பு. ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் செலவு. அவன் அப்பாவிடம் யாரும் மெடல் எங்கே என்று கேட்டதில்லை, கேட்கவும் கூடாது. பிள்ளை ஒன்றைத் தொட்டுப் பார்த்து, தனக்கு வராது என்று தெரிந்துகொண்டு விடுவது வளர்வதில் ஒரு பகுதி. நானும் பதக்கம் இல்லாமல் ஐந்து வருடம் ஓடியவன்தான், யாரும் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை. கூலிக்காரர் பிள்ளைக்கு நாம் தரும் பணத்துக்கு மட்டும் ஏன் ஒலிம்பிக்கை ஈடாகக் கேட்கிறோம்? நண்பர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தான் தருவதாகச் சொன்ன தொகையைத் தருவதாகவும், ஆனால் ஒரு வருடம் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு சொல்ல முடியும் என்றும் சொன்னார். அடுத்த மாதம் இரண்டாவது வீட்டுக்குப் பேசப் போகிறோம். அந்த வீட்டுப் பெண் நீளம் தாண்டுகிறவள், ரிசல்ட் வந்ததும் திருப்பூருக்கு வேலைக்கு அனுப்ப முடிவு செய்திருக்கிறார்களாம்.